ஆயிர மசலாவும் பொறிமொழிபெயர்ப்பும்

வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிர மசலா, முழுமையாகக் கிடைத்துள்ள இசுலாமியத் தமிழ் நூல்களுள் முற்பட்டது. அதிசய புராணம் என்பது இதன் மறுபெயர். 1572இல் மதுரையில் அரங்கேறியது என்பர். மதீனாவின் யூத அறிஞர் அப்துல்லா இப்னு சலாம் வினவ, நபிகள் நாயகம் விடையிறுக்கும் அரபு உரையாடலே இதற்கு மூலம். மசலா என்பது வினா எனப் பொருள்படும் அரபுச் சொல். அஃதறியாத பொறியொன்று நூற்பெயரை ஆயிரங் கறிப்பொடி எனக் கொள்ளுமாயின் நகைப்போமேயன்றி வியவோம்.

ஆயினும், பொறியின் குறை இத்தகைய பிழைகளில் இல்லை என்பதே நம் கருத்து. இவை நாளடைவில் நீங்கும். 2006இல் அரபு-ஆங்கிலப் பெயர்ப்புடன் தொடங்கிய கூகுள் பொறி 2011இல் தமிழையும் ஏற்றது. இன்று செய்தியையும் கடிதத்தையும் பொருள் விளங்கவே பெயர்க்கின்றது. இதனை மறுத்தல் ஆராய்ச்சியன்று.

குறை வேறிடத்தது. இவ்வரபு நூலையே கரிந்தியா நாட்டு ஹெர்மன் 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்தார். அப்பணியைத் தூண்டிய குளூனி மடத்துத் தலைவர் பீட்டரின் நோக்கம் இசுலாத்தை அறிந்து மறுப்பது. தமிழ்ப் புலவரோ நம்பினோர் கேட்டுத் தெளியப் பாடினார். மூலம் ஒன்று, கேட்போரும் பயனும் வேறு.

நம் இலக்கணத்தார் சிறப்புப் பாயிரத்துள் ஆக்கியோன் பெயர், வழி, நுதலிய பொருள் முதலியவற்றோடு கேட்போரையும் பயனையும் வைத்தனர். மொழிபெயர்ப்பை வழிநூல் வகைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் கொள்ளுதலின், அதற்கும் இவை உரியன. பொறியின் பெயர்ப்பில் வழி உண்டு. நுதலிய பொருளும் உண்டு. ஆக்கியோன் யார்? அவையில் எழுந்து வினவுவார்க்கு விடை கூறுவார் எவர்?

ஏவுவோனே கேட்போரையும் பயனையும் பொறிக்கு உரைக்கலாமே எனின், உரைக்கலாம். பெற்றதைத் தேர்ந்து பொறுப்பேற்க அவன் இருமொழியும் அறிந்திருத்தல் வேண்டும். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டை ஆறும் நெல்வயலும் பொலியப் பாடினார். அது மருத நிலத்தார்க்கெனத் தெரிந்து செய்தது. அதனைப் பிழையெனத் திருத்துவதா, மரபெனக் காப்பதா என்று முடிவு செய்வோன் இரண்டு நிலத்தையும் அறிந்தவனாதல் வேண்டும்.

இக்காலத்து அரபுக் கதைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வருகின்றன. நேரே பெயர்ப்போர் சிலரே. இளையோர் அத்தொழிலைக் கற்றது கரட்டுப் பெயர்ப்பு எழுதி, அடிபட்டு, திருத்தி. அம்முதல் வேலையைப் பொறிக்கு முற்றும் விட்டுவிட்டால் நாளைத் தேர்வோர் எங்கிருந்து வருவர்? மதுரையில் அரங்கேறிய நூலை அரபு மூலத்தோடு வரிவரியாக ஒப்பிடும் பயிற்சியை மதுரைத் தமிழ் மாணவர்க்கு முதற்கண் வகுத்தல் தகும். அவர்கள் தம் பெயர்ப்பை எழுதி முடித்தபின், பொறியின் பெயர்ப்பையும் அருகில் வைத்துப் பார்க்கலாம்.