வெள்ளிக்கிழமை வாங்க

போன வருட டைரியை எடுத்துப் பார்த்தேன். ஜனவரி 9 வரை எழுதியிருக்கிறேன். அதற்கப்புறம் பிப்ரவரியில் ஒரு பால் கணக்கு, அட்டையின் உள்பக்கத்தில் ப்ளம்பர் நம்பர், அவ்வளவுதான். முதல் பக்கத்தில் மட்டும் பதினோரு தீர்மானங்கள், எண் போட்டு. ஏழாவது என்ன என்று என் கையெழுத்தே எனக்குப் புரியவில்லை. உங்கள் டைரியும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், வெட்கப்படாதீர்கள்.

இந்த முறை தீர்மானத்துக்குப் பதிலாக ஒரு புத்தகம் படித்தேன். கார்ல் ஓனரே என்ற கனடாக்காரர் 2004-ல் வெளியிட்ட 'இன் ப்ரெய்ஸ் ஆஃப் ஸ்லோ'. 'இந்த வருஷம் நிதானமா வாழப்போறேன் சார்' என்று டிசம்பர் 31 அன்று அறிவிப்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள் அல்லவா, அவர்களுக்கெல்லாம் மூலநூல் மாதிரி. (படித்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை.)

ரோம் விமான நிலையத்தில் புத்தகம் தொடங்குகிறது. ஒரே நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய குழந்தைக் கதைகள் பற்றி ஒரு செய்தியைப் பார்க்கிறார் ஓனரே. ஆஹா, மகனைச் சட்டென்று தூங்கவைத்துவிடலாமே என்று முதலில் சந்தோஷம். அடுத்து, நமக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று சந்தேகம். அந்தச் சந்தேகம்தான் முழுப் புத்தகமும். நிதானச் சாப்பாட்டுக்காரர்களின் விருந்துக்கு இத்தாலியில் காரை விரட்டிக்கொண்டு போய், வேகத்துக்கு அபராதம் வாங்கியதையும் மறைக்காமல் எழுதுகிறார். இந்த நேர்மை எனக்குப் பிடித்தது. 1986-ல் ரோமில் மெக்டொனால்ட்ஸ் கடை வந்ததை எதிர்த்துக் கிளம்பிய கார்லோ பெத்ரினியின் 'ஸ்லோ ஃபுட்' இயக்கம், வேலை நேரக் குறைப்பு, மெதுவாக எடை தூக்கும் உடற்பயிற்சி என்று ஊர் ஊராகப் போகிறார். வேகமே பாவம் என்று எங்கும் சொல்லவில்லை. ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு சரியான வேகம் உண்டு என்கிறார். யார் மறுக்கப்போகிறார்கள்?

எனக்குச் சண்டை வேறு இடத்தில். பெரம்பலூர் பக்கம் போனபோதுதான் அது எனக்கே பிடிபட்டது.

தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூரும் ஒன்று. செட்டிகுளம் பக்கம் போனால் பட்டறைகளைப் பார்க்கலாம். பட்டறை என்றால் இரும்படிக்கிற இடம் இல்லை. அறுவடையான வெங்காயத்தைக் காற்றுப் புகும்படி உயர்த்திக் குவித்து, மேலே மழை படாமல் மூடி, விலை ஏறும்வரை வைத்திருக்கும் இடம். நட்டுச் சுமார் எழுபது நாளில் விளைந்துவிடும் பயிர், பட்டறையில் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஓனரே பார்த்திருந்தால் ஒரு அத்தியாயமே எழுதியிருப்பார். நானும் அந்த மயக்கத்தில்தான் அங்கிருந்த ஒரு பெரியவரிடம், 'என்ன பொறுமைங்க உங்களுக்கு!' என்று ஆரம்பித்தேன்.

'பொறுமையெல்லாம் இல்ல சார். கையில காசு இருக்கறவன் பட்டறை போடுவான். கடன்காரன் வாசல்ல நிக்கிறவன் புடுங்கின சூட்டோட லாரில ஏத்திடுவான். பட்டறை போட்டாலும் அழுகாம இருக்கணும், வெலை ஏறணும்.'

ஓனரே புத்தகத்தில் இந்தப் பெரியவர் இல்லை. அதில் நிதானமாக வாழ்கிறவர்கள் பெரும்பாலும் வசதியான நாடுகளில், மெதுவாகப் போவதா வேகமாகப் போவதா என்று தேர்ந்தெடுக்க முடிந்தவர்கள். நம் ஊரில் காத்திருப்பதற்கே முதல் போடவேண்டும். முதல் இல்லாதவனும் காத்திருக்கத்தான் செய்கிறான், பஸ்ஸுக்கு, தண்ணீர் லாரிக்கு, தாலுகா ஆபீஸ் வாசலில். அதை யாரும் 'ஸ்லோ லிவிங்' என்று சொல்வதில்லை. நிதானத்தைப் புகழ்கிற புத்தகம் இந்த வித்தியாசத்தைத் தொடாமல் போனது பெரிய குறை.

சாத்தனூர் போனேன். பன்னிரண்டு கோடி வருடம் என்று சொல்கிறார்கள், மரம் கல்லாகிக் கிடக்கிறது. பதினெட்டு மீட்டர் நீளம். 1940-ல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தது. கடல் அந்தப் பக்கம்வரை வந்திருந்த காலத்தில் மண்ணில் புதைந்து, திசுத் திசுவாகக் கல்லாக மாறியிருக்கிறது. முன்னால் நின்றேன், போட்டோ எடுத்தேன், வாட்சைப் பார்த்தேன். நாலு நிமிஷம் ஆகியிருந்தது. பன்னிரண்டு கோடி வருடத்துக்கு நான் கொடுத்த மரியாதை.

அதே கடல்தான் அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல்லையும் விட்டுப்போனது. சிப்பியும் கிளிஞ்சலும் படிந்து படிந்து ஆன கல் இன்று லாரி லாரியாக சிமென்ட் ஆலைக்குப் போகிறது. சாலையோரத்து மரமெல்லாம் பவுடர் பூசிக்கொண்டு நிற்கிறது. அந்த சிமென்டில் போட்ட கான்கிரீட்டின் பலத்தை 28-வது நாள்தான் சோதித்துப் பார்ப்பார்கள். அதுவரை தண்ணீர் விட்டுப் பராமரித்தால் நல்லது. நாமோ கிரகப்பிரவேசத் தேதியைக் குறித்துவிட்டு அதற்குள் வீட்டைக் கட்டுகிறவர்கள். புத்தாண்டுத் தீர்மானமும் அந்த ஜாதிதான். (எந்த நாள் புத்தாண்டு என்பதிலேயே நமக்கு நிதானம் இருந்ததில்லை. தை ஒன்று என 2008-ல் ஒரு சட்டம், அதை ரத்து செய்து 2011-ல் இன்னொரு சட்டம்.)

ஓனரேயைப் படிக்கலாமா? படியுங்கள். நகைச்சுவை உண்டு, அலட்டல் இல்லை. ஆனால் அவர் சொல்கிறபடி ஜனவரி ஒன்றிலிருந்து வாழ்க்கையையே மாற்றக் கிளம்பாதீர்கள். அது பன்னிரண்டாவது தீர்மானமாகிவிடும். நான் ஒன்றே ஒன்று வைத்திருக்கிறேன், இரவுச் சாப்பாட்டின்போது செல்போன் அடுத்த அறையில். அதுவும் ஜனவரியில் இல்லை, பொங்கல் கூட்டமெல்லாம் ஊருக்குத் திரும்பிய பிறகு. இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நிதானத்தைப் பற்றிய இந்தப் புத்தகத்தை ஒரே ராத்திரியில், பல பக்கங்களைத் தாண்டித் தாண்டித்தான் படித்து முடித்தேன்.

திரும்புகிற வழியில் சிறுவாச்சூர். திருச்சி - சென்னை நெடுஞ்சாலையை ஒட்டியே மதுரகாளியம்மன் கோயில். வண்டிகள் நூறில் பறக்கின்றன. அன்று புதன்கிழமை. கோயில் பூட்டியிருந்தது. விசேஷ நாட்களை விட்டால் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் தரிசனம், மற்ற நாட்களில் அம்மன் பெரியசாமி மலையில் இருப்பதாக ஐதீகம். எனக்கு இது தெரியாது. பூக்கடைக்கார அம்மாவிடம், 'மெட்ராஸ்லேர்ந்து வர்றேம்மா, ஏதாவது வழி இருக்கா?' என்று கேட்டேன்.

'எங்கேர்ந்து வந்தா என்னங்க, வெள்ளிக்கெழம வாங்க' என்றார், பூத்தொடுப்பதை நிறுத்தாமல்.