கிளாண்டு ஒழுகினால்: குரும்பலூரிலும் கோப்பாயிலும்

பம்புசெட்டின் கிளாண்டு ஒழுகினால் தமிழ்நாட்டுக் குரும்பலூர்ப் பக்கம் யாரும் பதறுவதில்லை. சுழலும் தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் பம்பு நன்றாக இருக்கிறது என்றே பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். சொட்டு தாரையாகும்போதுதான் பானாவைத் தேடுவார்கள். யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலோ உரும்பிராயிலோ வெங்காயம் வைத்திருப்பவர் பம்பு ஒழுகுவதை அவ்வளவு சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். இரண்டு இடத்திலும் கிணற்றுப் பாசனம்தான், இரண்டு இடத்திலும் சின்ன வெங்காயம்தான். இறைக்கிற செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் இந்த வித்தியாசம் விளங்கிவிடும் என்பது என் கணக்கு.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தண்டைச் சுற்றி ஒரு குழி இருக்கும். அதற்குள் கிராபைட் தோய்த்துச் சதுரமாகப் பின்னிய கயிற்றை வளையம் வளையமாக அடைத்து, மேலே கிளாண்டை வைத்து இரண்டு நட்டால் நெருக்குவார்கள். கயிறு காய்ந்து இறுகிவிட்டால் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் ஒழுகல் நிற்காது. நுனியை வளைத்த கம்பியால் பழைய கயிற்றைத் துணுக்கு துணுக்காகக் கிளறி எடுக்க வேண்டும். பொறுமை போவது இந்த இடத்தில்தான். அடியில் கிடக்கும் கடைசி வளையம் லேசில் வராது. அதை அப்படியே விட்டுவிட்டுப் புதுக் கயிற்றை மேலே திணிப்பவர்கள் பத்து நாளில் மறுபடி பானாவோடு உட்கார்வார்கள். புதுக் கயிற்றைத் தண்டின் பருமனுக்குச் சுற்றிப் பார்த்து, முனைகளைச் சாய்வாக வெட்டி, ஒவ்வொரு வளையமாக இறக்க வேண்டும். ஒரு வளையத்தின் மூட்டு அடுத்ததன் மூட்டுக்கு நேரே வரக் கூடாது; வந்தால் தண்ணீருக்கு நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததாகிவிடும். நட்டைக் கையால் திருகும் அளவுக்கு மட்டும் வைத்து மோட்டாரைப் போட்டுவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பக்கமும் சமமாக இறுக்கலாம். சில சொட்டு விழுந்துகொண்டே இருக்கட்டும், அந்த ஈரம்தான் தண்டைக் குளிர வைக்கிறது. ஒழுகவே கூடாது என்று முறுக்கினால் கயிறு கருகும், தண்டில் பள்ளம் விழும்.

படகில் சுக்கான் தண்டு கீழே இறங்கும் இடத்திலும் இதே ஏற்பாடுதான். ஆனால் சுக்கான் ஓயாமல் சுழல்வதில்லை, இங்கும் அங்கும் திரும்புவதோடு சரி. அதனால் அங்கே சொட்ட வேண்டிய அவசியமில்லை, கிரீஸ் போதும். எஞ்சினிலிருந்து விசிறிக்குப் போகும் தண்டு மட்டும் பம்பைப்போல ஓடும்போது சொட்டலாம்.

எங்கள் குரும்பலூர்ப் பக்கத்துக் கிணறுகள் பாறையை உடைத்து இறக்கியவை. மேலே வைத்த பம்பு உறிஞ்சக்கூடிய ஆழம் ஏழெட்டு மீட்டர்தான் என்பதால், தண்ணீர் இறங்க இறங்கப் பம்பையும் கிணற்றுக்குள் திட்டு கட்டி இறக்கினார்கள். கிளாண்டு வழியாகக் காற்று புகுந்தால் குழாயில் நின்ற தண்ணீர் இறங்கிவிடும். மறுநாள் கரண்ட் வரும் நேரத்தில் புனல் வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வும் சேர்ந்து ஒழுகினால் சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள். அது வால்வின் இடுக்கில் படிந்து அப்போதைக்கு அடைத்துக்கொள்ளும். நாற்றம் பிடித்த வைத்தியம்தான், ஆனாலும் கேட்கும்.

தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984-இலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990-இலும் மின்சாரம் இலவசமானது. அதை நான் குறை சொல்லவில்லை, அது இல்லாமல் இங்கே பல கிணறுகள் அன்றே நின்றுபோயிருக்கும். ஆனால் பம்பு அரை மணி நேரம் கூடுதலாக ஓடினால் கையிலிருந்து காசு போகாது என்றானபின், காற்று இழுக்கும் கிளாண்டைச் சரிசெய்ய அவசரம் எங்கிருந்து வரும்?

அதே 1990-இல் யாழ்ப்பாணத்தில் மறுபடி போர் மூண்டு மின்சாரம் போனது. பெட்ரோல், டீசல், பேட்டரி, யூரியா எல்லாம் தடைப்பட்டியலில் ஏறின. மண்ணெண்ணெய் கிடைத்தால்தான் இறைப்பு. அங்கே காணி துண்டு துண்டாகக் கிடக்கும், கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் தோண்டியவை, தண்ணீரும் எங்கள் ஊரைப்போல அதலபாதாளத்தில் இல்லை. அதனால் இரண்டு அங்குலச் சிறு மண்ணெண்ணெய்ப் பம்பைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போய் இறைத்து முடித்துவிடலாம். அந்த வகைப் பம்பில் பெரும்பாலும் கயிறு கிடையாது. கார்பன் வளையம் ஒன்று பீங்கான் வளையத்தின்மேல் ஸ்பிரிங்கால் அழுந்தி நிற்கும், அதுதான் சீல். அது சொட்டவே கூடாது. சொட்டினால் இறுக்கிச் சமாளிக்கவும் முடியாது, முழுதாக மாற்ற வேண்டும். பம்பின் வயிற்றில் தண்ணீர் நிரப்பாமல் ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் கருகியும்விடும். சீலைக் காப்பாற்றுவதென்றால் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே கவனம் வேண்டும். போர் முடிந்தும் அந்தக் கவனத்துக்கு ஓய்வு கிடைக்கவில்லை. 2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாய்க்குப் போனது.

கடற்கரையில் கதை வேறு. நாகப்பட்டினத்து விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகைக் கரையேற்றி, தண்டையும் சுக்கானையும் கழற்றிக் கயிறு மாற்ற அரசே நாள் குறித்துக் கொடுத்த மாதிரி. வடக்கிலங்கையில் வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகளே அதிகம், அவற்றின் அடியில் தண்டு நுழையத் துளையே இல்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அங்கே கட்டிப்போடப்பட்ட நம் விசைப்படகுகள் ஆள் பார்க்காமல் மட்கின, சில மூழ்கின. 2022 பிப்ரவரியில் இலங்கை அரசு நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஏலத்துக்கு விட்டது. சொட்டும் கிளாண்டோடு நிற்கும் படகில் தண்ணீரை இறைத்துவிட ஆள் இல்லையென்றால் அதன் முடிவு மூழ்குவதுதான்.

குரும்பலூரில் இப்போது கயிறு மாற்றத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். திறந்த கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறு நூற்றுக்கணக்கான அடிக்குப் போய், சப்மெர்சிபிள் மோட்டார் வந்துவிட்டது. அதன் சீல் போனால் வெளியே சொட்டாது, உள்ளே காயில் எரிந்த பிறகுதான் தெரியும். யாழ்ப்பாணத்தில் அந்த வழி எளிதல்ல. அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது, ஆழத்திலிருந்து அளவு மீறி இழுத்தால் உப்புதான் மேலே ஏறும். புத்தூர் நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், கீழே உவர்நீர். ஆகவே பம்பு மேலேயே இருக்கிறது, ஒழுகலும் கண்ணில் படுகிறது.

இன்னும் திட்டுப் பம்பு ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பழைய பம்பில் இருப்பது கல்நார்க் கயிறாக இருக்கலாம். உலர்ந்தபடி கிளறினால் அந்தத் தூசு நுரையீரலுக்குப் போகும். நன்றாக நனைத்துவிட்டு எடுங்கள், கடைசி வளையத்தையும் எடுங்கள்.