தந்தையர்க்கு ஒரு பாடம்

எஃப். ஆன்ஸ்டே 1882-இல் எழுதிய ‘வைஸ் வெர்சா’ புதினத்தின் துணைத்தலைப்பு, ‘தந்தையர்க்கு ஒரு பாடம்’ என்பதாகும். பீட்டர் உஸ்தினோவ் அதனை 1948-இல் ஆங்கில நகைச்சுவைப் படமாக்கினார்.

விடுதிப் பள்ளிக்குத் திரும்ப மகன் அஞ்சுகிறான். பள்ளிப் பருவமே இன்பப் பருவம் என்னும் தந்தை, தாமும் சிறுவனாகலாகாதா என்கிறார். கையிலிருந்த இந்திய மந்திரக் கல் அவ்விருப்பத்தை நிறைவேற்றிவிடுகிறது! மகன் உருவில் தந்தை பள்ளி செல்ல, தந்தை உருவில் மகன் வீட்டை ஆள்கிறான்.

பெரியவரின் மிடுக்கோடு பேசும் சிறுவனாக ஆந்தனி நியூலி நம்மை நகைக்க வைக்கிறார். ஆயினும், சிறுவன் என்பதாலேயே அத்தந்தையின் சொல் அங்கு எவர் செவியிலும் ஏறுவதில்லை. மகனின் சொல்லை அவர் புறக்கணித்ததும் இவ்வாறுதானே? நம் நகைப்பு அங்கே அடங்குகிறது.

பிற்பகுதியின் கேலிக்கூத்து இவ்வுண்மையை ஓரளவு மறைத்துவிடுவது குறையே. எனினும், மந்திரக் கல் இன்றியே பிள்ளைகளின் அச்சத்திற்குச் செவிசாய்க்க நாம் கற்றுக்கொள்ளலாகாதா?