காடில்லாத ஊரின் கள்வர்

விழிதியூர் வரப்பில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை வயல்தான். ராபின் ஹூட்டை மறைக்க ஷெர்வுட் காடு இருந்தது. இந்தக் காவிரிக் கடைமடையில் வழிப்பறி செய்தவர் எங்கே ஒளிவார்?

அப்படியும் ஒருவர் இருந்தார். சீர்காழிப் பக்கம் திருக்குறையலூரில் பிறந்த நீலன். 8ஆம் நூற்றாண்டின் திருமங்கை மன்னர், பின்னாளில் திருமங்கையாழ்வார். குமுதவல்லியை மணப்பதற்காக, தினம் 1008 அடியார்களுக்கு அமுது படைப்பதாக வாக்குக் கொடுத்தார். சோழனுக்குக் கட்டவேண்டிய கப்பமும் அந்தப் பந்தியிலேயே கரைந்தது. பிறகுதான் வழிப்பறி.

வைணவக் குருபரம்பரைக் கதை அவருடைய கூட்டாளிகளுக்கு வைத்த பெயர்களைச் சொல்லிச் சொல்லிச் சுவைக்கலாம். நீர்மேல் நடப்பான், நிழலில் ஒதுங்குவான், தாளூதுவான், தோலா வழக்கன். பெயரே தொழில், தொழிலே நிலம். ஐந்தடிக்கு ஒரு வாய்க்கால் ஓடும் ஊரில் தப்பியோட நீர்மேல் நடக்கத் தெரிந்தவன் வேண்டும். காடில்லாத இடத்தில் ஒற்றைப் பனையின் நிழலே மறைவிடம். தாளூதுவான் ஊதினால் கதவின் தாழ் திறந்துகொள்ளும். வாள் இல்லாமல் வாயாலேயே வெல்பவன் தோலா வழக்கன். வரப்புத் தகராறு ஓயாத மண்ணில் அவனில்லாமல் முடியுமா? நாகையிலிருந்து கொண்டுவந்த பொன்னைச் சேற்றில் புதைத்துவிட்டு, உழ வந்தவரிடம் 'நிலம் என்னுடையது' என்று ஆழ்வாரே வாதாடியதாகத் திருக்கண்ணங்குடியில் இன்றும் சொல்வார்கள். அந்த ஊர் வழக்குக்கும் 'தோலா வழக்கு' என்றே பெயர்.

எனக்கு இன்னும் பிடித்த இடம் திருமணங்கொல்லை. மணக்கோலத்தில் வந்த பெருமாளை மறித்து எல்லா நகையையும் கழற்றியாயிற்று. கால்விரல் மோதிரம் மட்டும் வரவில்லை. தாழ் திறக்கும் தாளூதுவான் துணையிருந்தும் அது கழலவில்லை. மன்னர் மண்டியிட்டார், குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். களவு செய்யப் போன தலை, அந்தக் கணத்தில் திருவடியில் இருந்தது. வணங்குகிறோம் என்று தெரியாமலே வணங்கிவிட்டார். அந்த மிடுக்கைப் பார்த்துத்தான் பெருமாள் அவரைக் 'கலியன்' என்று அழைத்தாராம்.

கட்டிய மூட்டையைத் தூக்க முடியவில்லை. 'என்ன மந்திரம் போட்டாய், சொல்' என்று வாளை ஓங்கினார். காதில் எட்டெழுத்து விழுந்தது. அடியார் பசிக்காகத் திருடிய கைக்கு, அன்றைய கொள்ளையில் அதுவே மிஞ்சியது.

பங்குனி உத்திரத்துக்கு முதல்நாள் இரவு, அந்த வழிப்பறியை 'வேடுபரி' என்ற விழாவாகத் தீவட்டி வெளிச்சத்தில் இன்றும் நடத்துகிறார்கள்.