நல்லவனுக்கு மட்டும்தானா இடம்?

புலம்பெயர்ந்தோரைப் பற்றிய அமெரிக்கச் சுயாதீனப் படங்களில் நல்லது எது என்று பேச்சு வந்தால், டாம் மெக்கார்த்தியின் ‘தி விசிட்டர்’ (2007) இன்றும் முதல் வரிசையில் வந்து நிற்கிறது. செப்டம்பர் 11-க்குப் பிறகு அரபு இளைஞன் என்றாலே தீவிரவாதியாகக் காட்டிப் பழகிய திரையில், சிரியாவிலிருந்து வந்த தாரிக்கை மனிதனாக நிறுத்திய படம் என்பதுதான் அதற்காகச் சொல்லப்படும் முதல் வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

படத்தின் நிறைகளை மறுப்பதற்கில்லை. மனைவியை இழந்து உள்ளுக்குள் வறண்டுபோன பேராசிரியர் வால்டராக ரிச்சர்ட் ஜென்கின்ஸ் நடித்ததற்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, தகும். தாரிக்கின் தாய் மூனாவாக வரும் ஹியாம் அப்பாஸ், அதிகம் பேசாமலேயே ஒரு முழு வாழ்க்கையை நம் முன் வைக்கிறார். குவீன்ஸ் பகுதியின் தடுப்பு மையத்தைச் சாதாரணக் கட்டடமாகக் காட்டியதும் சரியான முடிவு.

ஆனால் தாரிக் கைதாகும் இடத்தைக் கவனியுங்கள். சுரங்க ரயில் நிலையத்தின் நுழைவுத் தடுப்பில் அட்டையைத் தேய்த்துக் கட்டணம் செலுத்திவிடுகிறான். தோளில் தொங்கும் ஜெம்பே முரசு தடுப்பில் சிக்கிக்கொள்கிறது. வேறு வழியின்றித் தாண்டிக் குதிக்கிறான். சாதாரண உடையில் நிற்கும் போலீசார் பிடித்துக்கொள்கிறார்கள். அவன் பணம் கட்டியதை வால்டர் பார்த்தார், நாமும் பார்த்தோம். புகலிட மனு தள்ளுபடியானபின் வீட்டுக்கு வந்த அரசுக் கடிதமும் அவன் கண்ணில் படவில்லை. அதைத் தூக்கி எறிந்தவர் தாய். எந்தக் குற்றமும் அவன்மேல் ஒட்டிவிடாதபடி திரைக்கதை அவ்வளவு சிரத்தையாக அவனைத் துடைத்து வைக்கிறது.

இந்தச் சிரத்தைதான் என்னை உறுத்துகிறது. அவன் பணம் கட்டாமல் தாண்டியிருந்தால்? கடிதத்தைப் படித்துவிட்டு, போக மனமில்லாமல் இங்கேயே தங்கியிருந்தால்? அப்போது அவனை நாடு கடத்துவது நியாயமாகிவிடுமா? அந்தத் தடுப்பு மையத்தில் அடைபட்டவர்களில் கடிதம் படித்தவர்களும் பொய் முகவரி கொடுத்தவர்களும் இருப்பார்கள். சட்டத்தின் கொடுமை அவர்கள்மேல்தான் முழுதாக விழுகிறது. அவர்களுக்காகப் பேச இந்தப் படத்திடம் ஒரு வாக்கியமும் இல்லை.

கடைசியில் வால்டர் காவலர்கள் முன் வெடிக்கிறார். தாரிக்கை அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும், அவன் நல்லவன், இது அநியாயம் என்று கத்துகிறார். பார்வையாளர் கண்கலங்கும் காட்சி அது. படத்தின் அரசியல் முழுவதும் அந்தக் கதறலுக்குள் அடங்கிவிடுகிறது: நல்லவன், அதனால் இருக்கலாம். அவன் எதற்கு நல்லவன் என்று பார்த்தால், வால்டருக்கு முரசு கற்றுக்கொடுத்தான். பியானோவில் தோற்ற விரல்களுக்குத் தாளம் தந்தான். செத்துக் கிடந்த ஒரு வாழ்க்கையைத் தட்டி எழுப்பினான். வேலை முடிந்ததும் கதையிலிருந்து அகற்றப்படுகிறான். அவனுடைய தந்தை சிரியாவில் எழுத்துக்காகச் சிறைப்பட்டுச் செத்துப்போன பத்திரிகையாளர். அந்த நாட்டுக்கே அவன் திருப்பி அனுப்பப்படுகிறான். அங்கே இறங்கியதும் அவனுக்கு என்ன ஆனது என்பதைக் காட்டப் படத்துக்கு அக்கறையில்லை. கேமரா நியூயார்க்கிலேயே நின்று, நடைமேடையில் முரசறையும் வால்டரின் மறுபிறப்பைப் படம்பிடிக்கிறது.

வேறு விதமாக எடுக்க முடியாதா என்றால், 1974-லேயே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஃபாஸ்பிண்டரின் ‘அலி: ஃபியர் ஈட்ஸ் த சோல்’ படத்து மொராக்கோத் தொழிலாளி அலி உத்தமன் இல்லை. குடிக்கிறான், சூதாடுகிறான், தன்னைவிட மூத்தவளான எம்மியை மணந்துவிட்டு இன்னொருத்தியிடம் போகிறான். எம்மியும் தோழிகளை அழைத்து அவன் புஜத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறாள். கூஸ்கூஸ் சமைத்துத் தரச் சொன்னால் மறுக்கிறாள். அன்பு செலுத்துகிற கையே அவனைக் காட்சிப்பொருளாக்குகிறது. அலியை நமக்குப் பிடிக்க வைக்க ஃபாஸ்பிண்டர் மெனக்கெடவில்லை. குடற்புண் வெடித்து அவன் சுருண்டு விழும்போது நமக்கு வலிக்கத்தான் செய்கிறது. செரியன் டாபிஸின் ‘அம்ரீகா’வில் (2009) பெத்லகேமிலிருந்து இல்லினாய் வரும் தாய், வங்கியில் வேலை என்று சொந்தச் சகோதரியிடமே பொய் சொல்லிவிட்டு, பக்கத்து ஒயிட் காசில் கடையில் பர்கர் போடுகிறாள். அசட்டுத்தனமும் வீம்பும் உள்ளவள். அந்தக் குறைகளோடுதான் அவளுக்கு அங்கே இடம் கேட்கிறார் டாபிஸ்.

‘தி விசிட்டர்’ படத்திலேயே அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதுதான் என் பெரிய ஆதங்கம். செனகலிலிருந்து வந்த ஜைனப், தாரிக்கின் காதலி. தனாய் குரிரா அவளாக இறுக்கமான முகத்தோடு நடித்தார். வால்டர் இரக்கப்பட்டு வீட்டில் தங்கச் சொன்னபோதும் அவளுக்கு நன்றி பொங்கவில்லை, சந்தேகம்தான் வந்தது. ஆவணங்கள் இல்லாதவள் என்பதால் காதலனைப் பார்க்கத் தடுப்பு மையத்துக்குள் நுழையக்கூட அவளால் முடியாது. அந்தப் பயமும் முறைப்பும்தான் படத்தின் மிக உண்மையான பகுதி. ஆனால் தாரிக் கைதானபின் அவள் வீட்டைவிட்டுப் போகிறாள், கதையும் அவளை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. வால்டருக்குக் கொடுப்பதற்கு அவளிடம் எதுவும் இல்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.