எத்தனாவது ஃபைனல்?

உங்கள் கம்ப்யூட்டரில் 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'நிஜமான ஃபைனல்', 'ஃபைனல் அப்பா பார்த்தது' என்று நாலு ஃபைல்கள் இருக்கிறதா? அப்படியானால் நீங்களும் ஒரு வெர்ஷன் கன்ட்ரோல் சிஸ்டம் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள். என்ன, ரொம்ப மட்டமான சிஸ்டம். எது கடைசி, யார் மாற்றினார், எதற்காக மாற்றினார் என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

ஒரே ஆளுக்கே இந்தக் கதி என்றால், முகம் பார்க்காத 50 பேர் சேர்ந்து எழுதும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி, பெயர், காரணத்துடன் வரிசையாகக் குறித்துவைக்கும் மென்பொருள்கள் அதற்காகத்தான் வந்தன. தப்பான மாற்றத்தை வாபஸ் வாங்கலாம். போன வருஷம் இருந்தது இருந்தபடியே திருப்பி எடுக்கலாம். இவற்றில் எது நல்லது என்பதில்தான் தகராறு.

செங்கல்பட்டுப் பக்கம் என்ஜினீயரிங் படிக்கும் நாலு பையன்கள் இந்தத் தகராறோடு வந்தார்கள். மாமல்லபுரம் கடற்கரைக் குப்பங்களில் காற்றுக்கும் மீனுக்கும் வலைக்கும் புழங்குகிற சொற்களைத் திரட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி ஓர் அகராதி மென்பொருள் செய்வது அவர்கள் திட்டம். அருமையான யோசனை. எத்தனை சொல் சேர்ந்தது என்று கேட்டேன்.

"இன்னும் ஒண்ணுகூட சேர்க்கலை சார். கிட்டா, சப்வெர்ஷனான்னு ரெண்டு வாரமா சண்டை."

முதலில் பஸ் பிடித்து உத்திரமேரூர் போய்வாருங்கள் என்றேன். பழைய செங்கல்பட்டு ஜில்லாதான், இப்போது காஞ்சிபுரம் மாவட்டம். நீங்களும் போய்ப் பார்க்கலாம்.

அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. குடவோலைத் தேர்தல் விதிகள். பள்ளிக்கூடத்தில் படித்து மறந்திருப்பீர்கள். முதலாவது கி.பி. 919. குடத்தில் பெயர் போட வயது 30-க்கு மேல், 60-க்குள் இருக்கவேண்டும் என்கிறது. இரண்டாவது 921. அதில் 35-க்கு மேல், 70-க்குள். இரண்டே வருஷத்தில் விதியைத் திருத்திவிட்டார்கள். ஆனால் பழையதைச் செதுக்கி அழித்துவிட்டு அதன் மேல் எழுதவில்லை. அதுவும் இருக்கிறது, இதுவும் இருக்கிறது. எத்தனாவது ஆட்சியாண்டு, சபையோடு உட்கார்ந்திருந்த அரசு அதிகாரி யார் என்ற விவரம் இருக்கிறது. கெட்டவர்கள் ஒழிந்து மற்றவர்கள் தழைக்கவேண்டும் என்று திருத்தத்துக்குக் காரணம் இருக்கிறது. சபை சொல்ல, எழுதியவன் பெயர்கூட இருக்கிறது. இன்றைய புரோகிராமர்கள் 'கமிட்' என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான்.

அப்படியே கடற்கரைக்கு வாருங்கள். மாமல்லபுரத்தில் வேலைப்பாட்டில் குறையே கிடையாது. குறிப்பு எழுதுவதில் மட்டும் கஞ்சத்தனம். கணேச ரதத்திலும் தர்மராஜ மண்டபத்திலும் ஒரே ஸ்லோகங்கள். எழுப்பியவன் 'அத்யந்தகாமன்' என்கின்றன. அது பட்டப்பெயர். எந்தப் பல்லவனுடைய பட்டம்? முதலாம் பரமேசுவரவர்மன் என்பது ஒரு கட்சி, ராஜசிம்மன் என்பது இன்னொரு கட்சி. 1962-ல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி, இங்குள்ளவை எல்லாமே ராஜசிம்மன் செய்தவை என்று எழுதிப் பெரிய விவாதத்தைக் கிளப்பினார். பெரிய பாறைச் சிற்பத்தில் ஒற்றைக் காலில் நிற்பவர் அர்ஜுனனா, பகீரதனா என்ற சண்டை தனி. சில ரதங்கள் ஏன் பாதியில் நின்றன? யார், எப்போது, ஏன் என்று மூன்று வரி வெட்டியிருந்தால் பல பேர் டாக்டரேட் வாங்கியிருக்க முடியாது!

ஆகவே பையன்களுக்கு முதல் விஷயம்: எந்த சிஸ்டமும் 'ஏன்' என்பதைத் தானாக எழுதாது. யார், எப்போது என்பதோடு அதன் கடமை முடிந்தது. காரணக் கட்டத்தில் 'சில மாற்றங்கள்' என்று எழுதுகிறவனுக்கு எந்த மென்பொருளும் ஒன்றுதான். 'இந்தக் காற்றுக்கு அடுத்த குப்பத்தில் வேறு பெயர் சொல்கிறார்கள், இரண்டையும் சேர்த்தேன்' என்று எழுதுகிறவனுக்கு எதுவும் உதவும்.

இனி, வேட்பாளர்கள்.

1986-ல் டிக் க்ரூன் எழுதிய சி.வி.எஸ்., அதன் குறைகளைச் சரிசெய்ய 2000-ல் ஆரம்பித்த சப்வெர்ஷன் இரண்டும் ஒரு ஜாதி. சரித்திரம் முழுக்க ஒரு சர்வரில் இருக்கும். தாலுகா ஆபீஸ் பதிவேடு மாதிரி. உங்களிடம் இருப்பது நகல். பழைய பக்கம் பார்க்க வேண்டுமானால் ஆபீஸ் திறந்திருக்கவேண்டும்.

கிட் வேறு ஜாதி. அதன் பிறப்பே ஒரு குடும்பச் சண்டை. லினக்ஸ் கர்னலை எழுதுகிறவர்கள் 2002-லிருந்து பிட்கீப்பர் என்ற வியாபார மென்பொருளை இலவச அனுமதியில் பயன்படுத்திவந்தார்கள். ஓசி சாப்பாட்டுக்கு நிபந்தனைகள் உண்டல்லவா? ஆண்ட்ரூ டிரிஜெல் அதன் சர்வரோடு பேசும் வழியைக் கண்டுபிடிக்க முனைய, 2005-ல் கம்பெனி அனுமதியை விலக்கிக்கொண்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரலில் உட்கார்ந்து சில நாட்களிலேயே கிட்டின் முதல் வடிவத்தை எழுதிவிட்டார். அதே மாதம் மாட் மக்கால் மெர்க்யூரியலை வெளியிட்டார். இரண்டிலும் ஆதாரமான யோசனை ஒன்றே: பிரதி எடுக்கும் ஒவ்வொருவரிடமும் முழுச் சரித்திரமும் போய்விடும். சர்வர் எரிந்தாலும் ஊரில் யாரிடமாவது பதிவேடு முழுசாக இருக்கும்.

கொள்கை அளவில் கிட்டுக்கு நூற்றுக்கு நூறு. பழகுவதற்கு நாற்பதுதான் தருவேன். அது கர்னல் எழுதுகிறவர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டது. 'செக் அவுட்' என்ற ஒரே கட்டளை, ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தாவவும் செய்யும், நீங்கள் அரை நாள் எழுதியதைச் சத்தமில்லாமல் பழையபடி ஆக்கவும் செய்யும். இந்த இரண்டு வேலைகளுக்கும் தனித்தனிக் கட்டளை கொடுக்க 2019 ஆயிற்று. கே.டி.இ. என்ற லினக்ஸ் திரைமுகப்பின் புரோகிராம்கள் கிட்டுக்கு மாறிய பிறகும், அவற்றின் மொழிபெயர்ப்புகள் பல வருஷம் சப்வெர்ஷனிலேயே இருந்தன. வார்த்தைகளோடு வேலை செய்கிறவர்களுக்குக் கிளையும் இணைப்பும் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அகராதிக்கு சொல் தரப்போகிற வலைக்காரப் பெரியவரையோ, அதைச் சரிபார்க்கும் தமிழாசிரியையையோ கிட் கற்றுக்கொள்ளச் சொல்வது அராஜகம்.

மெர்க்யூரியல் சுலபமானது, ஒழுங்கானது. இருந்தும் தோற்றது. பைத்தான் மொழிக்காரர்கள் அதில் இருந்துவிட்டு 2017-ல் கிட்ஹப்புக்குக் குடிபோனார்கள். காரணத்தில் பாதி, கூட்டம் அங்கேதான் இருந்தது என்பது. மெர்க்யூரியலை மட்டும் நம்பி 2008-ல் கடை திறந்த பிட்பக்கெட், 2020-ல் அந்த ரெபாசிட்டரிகளையே தூக்கிவிட்டது.

இங்கேதான் பையன்கள் குழப்பிக்கொண்டார்கள். கிட் வேறு, கிட்ஹப் வேறு. ஒன்று கருவி, மற்றது அந்தக் கருவிக்கு இடம் தருகிற கம்பெனி. 2018-ல் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்கியது. 2019-ல் அமெரிக்கத் தடைச் சட்டத்தைக் காட்டி இரான், சிரியா, கிரைமியாக்காரர்களின் தனிப்பட்ட ரெபாசிட்டரிகளை மூடியது. 'நமக்கு வராது' என்பீர்கள். இரானியப் பையனும் முதல் நாள்வரை அப்படித்தான் நினைத்திருப்பான். கூகுள் கோட் 2006-ல் திறந்து 2016-ல் மூடிவிட்டது. கூகுளே மூடும் என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

சரி, தீர்ப்பு. கிட் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் எடுக்கிறார்கள் என்பதற்காக அல்ல. முழுச் சரித்திரமும் உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் என்பதற்காக. கிட்ஹப்பில் கடை போடுங்கள், புது ஆட்கள் அங்கேதான் வருவார்கள். கூடவே கிட்லேபிலோ கல்லூரி சர்வரிலோ இன்னொரு பிரதி, வீட்டு ஹார்டு டிஸ்கில் ஒன்று. பெரியவர்களின் குரல் பதிவுகளை அதற்குள் திணிக்காதீர்கள். பெரிய ஒலி ஃபைல்கள் ஏற ஏற கிட் மூச்சு வாங்கும், அவற்றுக்குத் தனி இடம். சொல் தருகிறவருக்கு ஒரு காகிதமோ சாதாரண படிவமோ போதும். அதைக் கமிட் ஆக்குவது உங்கள் வேலை. சொன்னவர் சம்மதித்தால் அவர் ஊரையும் பேரையும் காரணக் கட்டத்தில் எழுதுங்கள். சண்டை போட்ட ரெண்டு வாரத்தில் 100 சொல் சேர்த்திருக்கலாம். அவற்றில் சிலவற்றைச் சொல்லக்கூடியவர்கள் வயதானவர்கள். அவர்கள் போய்விட்டால் பழைய வெர்ஷனுக்குத் திரும்ப முடியாது.

"அப்ப பேக்கப் எத்தனை சார் வேணும்?" என்றான் ஒருத்தன்.

திரும்பும் வழியில் சாளுவன்குப்பத்தில் இறங்கச் சொன்னேன். புலிக்குகைக்குப் பக்கத்தில் அதிரணசண்டக் குடைவரை. ஒரு சுவரில் பல்லவ கிரந்தத்தில் ஸ்லோகங்கள், எதிர்ச் சுவரில் அவையே நாகரி எழுத்தில். ஓர் எழுத்து தெரியாதவன் இன்னொன்றில் படித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. அழகான ஏற்பாடு.

ஒரே ஒரு குறை. இரண்டு பிரதியும் ஒரே பாறையில்.