சேப்பாக்கத்துக்கு முந்தைய நிலையம்

பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி, சந்தடி இல்லாத தெருவில் ஒரு வீடு வேண்டும் என்பது சென்னையில் படித்த நடுத்தரக் குடும்பங்களின் நெடுநாள் ஆசை. அப்படிக் கேட்டால் வீட்டுப் புரோக்கர்கள் கோட்டூர்புரத்தையும் அடையாறு காந்தி நகரையும் காட்டுவார்கள். சிந்தாதிரிப்பேட்டையை யாரும் காட்டுவதில்லை. மீன் மார்க்கெட், கூவம், வண்டி நெரிசல் என்றுதான் அந்தப் பேட்டைக்குப் பெயர். ஆனால் பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டைக்கு அடுத்த நிலையமே சேப்பாக்கம். 1857இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. ரயிலே வேண்டாம் என்றாலும், அண்ணா சாலையைக் கடந்து வாலாஜா சாலை வழியாக அரை மணியில் நடந்து போய்விடலாம்.

வளாகத்தின் அருகே குடியிருக்கும் பழக்கத்தை எடைபோட இந்தப் பேட்டைதான் சரியான இடம் என்று நினைக்கிறேன். கோட்டூர்புரத்தில் நிலத்தின் விலையே பல கேள்விகளை எழவிடாமல் செய்துவிடுகிறது. சிந்தாதிரிப்பேட்டையில் அந்தப் பழக்கத்தின் பலனையும் பழுதையும் ஒரே தெருவில் பார்க்கலாம்.

வேலையும் வீடும் பக்கத்தில் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த ஊர் இது. 1734இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், சுங்குராமர் என்ற வணிகரின் தோட்டமாக இருந்த இடத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி இதை நெசவாளர் குடியிருப்பாக அமைத்தது. நூற்பவர், நெய்பவர், துணிக்கு வண்ணம் தீட்டுபவர், வெளுப்பவர், கோயில் பணியாளர் ஆகியோருக்கே இங்கு இடம் என்று வரையறுத்தார்கள். வீட்டிலேயே தறி இருந்தது. கம்பெனியின் லாபக் கணக்கு இதன் பின்னால் இருந்தது என்பதை மறக்கவேண்டியதில்லை. ஆயினும் தொழிலுக்குத் தேவையானதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்ற அடிப்படை சரியானது. படிப்புக்கும் அது பொருந்தும். ஒரு நூற்றாண்டு கழித்து இதே பேட்டையில் அமெரிக்க மிஷன் வந்து அமர்ந்தது. அதில் பணியாற்றிய மைரன் வின்சுலோவின் தமிழ் - ஆங்கிலப் பேரகராதி 1862இல் வெளிவந்தது. அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்த நூலுக்கு அவருக்கு முன்பே பலர் சேர்த்து வைத்த சொற்தொகுப்புகள் துணைநின்றன. பண்டிதர்களின் உதவியும் இருந்தது. தனி ஒருவரால் முடிகிற காரியமா அது?

அருகே குடியிருப்பதன் முதல் பலன் இதுதான்: நூலகமும் அறிந்த மனிதர்களும் நடை தூரத்தில் இருப்பது. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் கணிதமேதை ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. அவர் அப்போது திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் தெருவில் குடியிருந்தார். துறைமுகக் குமாஸ்தா வேலையிலிருந்து விடுபட்ட அந்த மனிதருக்குப் பணத்தைப் போலவே அந்த இடமும் உதவியிருக்கும் என்பது என் கணிப்பு. இன்றைய ஆய்வு மாணவருக்கும் கணக்கு மாறவில்லை. செங்கல்பட்டிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ தினமும் மின்சார ரயிலில் வந்து போகிறவருக்கு நாளில் மூன்று நான்கு மணி நேரம் பயணத்திலேயே கழிகிறது. அந்த நேரம் படிப்பிலிருந்துதான் போகிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவு, கருத்தரங்கு முடிந்து தேநீர்க் கடையில் தொடரும் வாக்குவாதம் இரண்டும் பக்கத்தில் குடியிருப்பவருக்கே கிடைக்கும். என் பார்வையில் ஒரு பல்கலைக்கழகத்தில் கற்பதில் சரிபாதி இந்த வகுப்பு முடிந்த நேரத்தில்தான் நடக்கிறது.

இரண்டாவது பலன் அமைதி. இங்கே நிதானமாகப் பார்க்கவேண்டும். கோட்டூர்புரம், காந்தி நகர் பகுதிகளின் அமைதி எங்கிருந்து வருகிறது? கிண்டிக் காட்டிலிருந்து ஒதுக்கிய அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் 1959இல் அமைந்த ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், ஆளுநர் மாளிகை என்று பெரிய சுற்றுச்சுவர்கள் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. சுவருக்குள் மரமும் மானும். குறுக்கே போக வழியில்லாததால் பேருந்தும் லாரியும் சுற்றிப் போகின்றன. அந்த நிழலையும் குளிர்ச்சியையும் அக்கம்பக்கத்து வீடுகள் இலவசமாகப் பெற்றன. பிறகு அதுவே வாடகையாகவும் மனை விலையாகவும் ஏறியது. முடிவில், வளாகம் தந்த அமைதியை விலைகொடுத்து வாங்கக்கூடியவர்களில் அந்த வளாகத்தில் படிக்கிறவர் அநேகமாக இல்லை.

சிந்தாதிரிப்பேட்டையின் அமைதி வேறு வகை. ஐயா முதலித் தெருவிலும் அருணாசலத் தெருவிலும் பகலில் அமைதி கிடையாது. அச்சகம், உதிரி பாகக் கடை, மீன் வாங்க வரும் கூட்டம் என்று பேட்டை உழைத்துக்கொண்டே இருக்கும். ஷட்டர்கள் இறங்கிய பிறகு, பேருந்து நுழைய முடியாத அந்தக் குறுகலான தெருக்கள் சட்டென்று அடங்கிவிடும். ஆதிபுரீசுவரர் கோயிலும் ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் அருகருகே இருக்கும் பகுதியில் இரவு பத்து மணிக்கு ஒருவர் ஜன்னலைத் திறந்து வைத்துப் படிக்கலாம். கொசு வரும், கூவம் நாறும் நாளும் உண்டு. இதை மறைத்துப் பேட்டையைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனாலும் இரவு நேரத்தில் படிக்கிறவருக்கு வேண்டிய அமைதியை, அவர் கொடுக்கக்கூடிய வாடகையில், இந்தத் தெருக்கள்தான் தருகின்றன.

சட்டப்படி பார்த்தால் கல்வி நிறுவனத்தைச் சுற்றி நூறு மீட்டர் வரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. சேப்பாக்கத்தில் கல்லூரி விடுதிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்திலேயே கிரிக்கெட் மைதானம். ஐ.பி.எல். நடக்கும் இரவில் அந்த வரம்புக்கு என்ன மதிப்பு இருக்கும் என்பதை வாலாஜா சாலையில் நின்றவர்கள் அறிவார்கள்.

இனி, இந்தப் பழக்கத்தின் மிகப் பெரிய குறைக்கு வருகிறேன். கேட்டில் தொங்கும் டூ-லெட் அட்டைகளைப் படியுங்கள். ‘ஃபேமிலிக்கு மட்டும்’, ‘பேச்சலர்களுக்கு இல்லை’, ‘சைவம் மட்டும்’. மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு பகுதிகளில் இந்த மூன்றும் சாதாரணம். மூன்றாவது வரி உணவைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். அதைப் படிக்கிற தலித் மாணவருக்கும் முஸ்லிம் மாணவருக்கும் அது யாரைத் தள்ளி நிறுத்துகிறது என்று நன்றாகத் தெரியும். அட்டையில் எழுதாத இடங்களில் ‘சொந்த ஊர் எது, அப்பா பெயர் என்ன’ என்ற விசாரணை அந்த வேலையைச் செய்கிறது. பல்கலைக்கழகம் இடஒதுக்கீட்டின் வழியாக உள்ளே அழைத்துவந்த பிள்ளையை, அதன் வாசலுக்கு எதிரே இருக்கும் தெரு வெளியே நிறுத்துகிறது. வளாகத்தின் பக்கத்தில் வாழ்கிறோம் என்று பெருமைப்படும் ஒரு குடியிருப்புக்கு இதைவிடக் கெட்ட பெயர் வேண்டாம்.

வீட்டுக்காரர் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஓய்வூதியத்தோடு மாடிப் போர்ஷன் வாடகையையும் நம்பி வாழும் வயதான தம்பதிகள் உண்டு. நான்கு பேருக்கு விட்ட அறையில் எட்டுப் பேர் தங்குவது, நள்ளிரவில் பைக், தண்ணீர் தீர்ந்துபோவது, ஆறு மாதத்தில் காலி செய்துவிட்டுப் போவது எல்லாம் உண்மையான தொல்லைகள். ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினால் தீர்வு உண்டு. ஆள் எண்ணிக்கையை எழுதலாம், குறைந்தபட்சக் காலத்தை எழுதலாம். பிறப்பை வைத்து மறுப்பதற்கு எந்தத் தொல்லையும் காரணமாக முடியாது. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் முன்பணத்தைப் பொதுவாக மூன்று மாத வாடகை என்று சொல்கிறது. இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் விலக்கும் தருகிறது. அந்த விலக்கின் வழியாகப் பத்து மாத அட்வான்ஸ் என்ற சென்னை வழக்கம் இன்னும் உயிரோடிருக்கிறது. முதல் தலைமுறையாகப் படிக்கவரும் குடும்பம் அவ்வளவு பணத்துக்கு எங்கே போகும்?

தெருக்கள் கூட்டாக மறுப்பதன் விளைவுதான் திருவல்லிக்கேணி மேன்ஷன். ஒரு கட்டில், ஒரு கொடி, ஒரு மின்விசிறி, பொதுக் குளியலறை, கீழே மெஸ். எத்தனையோ எழுத்தாளர்களையும் உதவி இயக்குநர்களையும் அரசு ஊழியர்களையும் அது தாங்கியிருக்கிறது. அதற்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் மேன்ஷன் ஆண்களுக்கு மட்டுமே உரியது. பெண்களுக்கு மகளிர் விடுதி. அவை பதிவு பெறவேண்டும் என்று 2014இல் சட்டம் வந்தது. அது நல்ல காரியம். ஆனால் இரவு குறித்த நேரத்துக்குள் திரும்பவேண்டும் என்ற கட்டுப்பாடு பெரும்பாலான விடுதிகளில் உண்டு. நூலகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தும், நூலகம் மூடும்வரை உட்கார முடியாமல் கடிகாரத்தைப் பார்த்து எழுந்து போகிறவள் பெண்தான். பாதுகாப்பு என்று சொல்லி அவளிடமிருந்து எடுப்பது படிப்பு நேரத்தை.

அருகே இருந்தவர்களையே அப்புறப்படுத்திய கதையும் உண்டு. சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டி, கூவக் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்களை 2019 டிசம்பர் இறுதியில், கல்வியாண்டின் நடுவே, கூவம் சீரமைப்புத் திட்டத்துக்காகப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆறு சீராகவேண்டும் என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. தேர்வுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது பள்ளியைவிட்டுப் பல கிலோமீட்டர் தள்ளிப் போடப்பட்ட பிள்ளைகளின் படிப்பை அந்தத் திட்டம் கணக்கில் எடுக்கவில்லை. பேட்டையில் பிறந்து, ஒரு நிலையம் தள்ளியிருக்கும் பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போயிருக்கக்கூடிய பிள்ளைகள் அவர்கள்.

இதில் பல்கலைக்கழகத்தின் பங்கு என்ன? சிதம்பரத்தில் 1929இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உறைவிடப் பல்கலைக்கழகமாகவே திட்டமிடப்பட்டது. ஐ.ஐ.டி.யும் மாணவரை உள்ளேயே தங்கவைக்கிறது. நகரத்தின் நடுவே இருக்கும் பழைய பல்கலைக்கழகத்துக்கு அவ்வளவு நிலம் இல்லை; அக்கம்பக்கத்தை நம்பித்தான் ஆகவேண்டும். ஆக்ஸ்போர்டில் நகராட்சி, பல்கலைக்கழக விடுதிக்கு வெளியே தங்கும் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்து, புதிய கட்டட அனுமதியை அதோடு இணைத்திருக்கிறது. அதனால் மாணவருக்கு இடம் தேடும் பொறுப்பிலிருந்து பல்கலைக்கழகம் நழுவ முடிவதில்லை. யாழ்ப்பாணத்தில் இன்னொரு வழி. 1974இல் பரமேசுவராக் கல்லூரி வளாகத்தில் தொடங்கிய பல்கலைக்கழகத்தைச் சுற்றித் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் வீடுகளில் வெளிமாவட்டப் பிள்ளைகள் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறார்கள். அங்கும் சாதி உண்டு, சண்டை உண்டு. என்றாலும் வீட்டில் ஒரு அறையை மாணவருக்குக் கொடுப்பது அந்த ஊர்களில் பழகிப்போன காரியம்.

சிந்தாதிரிப்பேட்டையிலும் இது முடியும். இங்கே கீழே கடையும் மேலே வீடுமாக, மாடி அறை காலியாகக் கிடக்கும் கட்டடங்கள் உண்டு. பல்கலைக்கழகம் ஒரு வீட்டுப் பதிவேடு வைத்து, மாணவர் சார்பில் உத்தரவாதம் கொடுத்து, மூன்று மாத முன்பணத்துக்கு மேல் கேட்கமாட்டேன் என்ற வீட்டுக்காரரை மட்டும் அதில் சேர்த்தால் புரோக்கருக்கே வேலை இருக்காது. பேட்டைவாசிகளுக்கு ஈடாகப் பல்கலைக்கழக நூலகத்தில் உறுப்பினர் அட்டை கொடுக்கலாம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இலிருந்து யார் வந்தாலும் உட்கார்ந்து படிக்க இடம் தருகிறதே, சேப்பாக்கத்தில் ஏன் முடியாது?

வீட்டுக்காரர்களிடம் நான் கேட்பது சிறிய காரியம். ஜூன் மாதம் கல்லூரி திறக்கும்போது உங்கள் மாடி அறை காலியாக இருந்தால், அட்டையில் வாடகையையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் எழுதுங்கள். வந்து நிற்கும் பிள்ளையிடம் என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள். அதற்கு மேல் எதையும் கேட்கவேண்டாம்.